என் பக்கப் பல், அவர் பக்கப் பல்

என் வீட்டுக்காரர் மரம் வெட்டுகிறவர். வேலை இடத்தில் அவரை 'உச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர் அது. அறிவின் உச்சி என்று யாராவது தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மேலே போவார், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். வெட்டிய கிளை யார் வீட்டுக் கூரையிலும் விழாமல் இறக்குவது என் பொறுப்பு. அவரையும் அப்படியே இறக்குவது என் பொறுப்பு.

எதையும் அளவாகச் செய்யத் தெரியாத மனிதர். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷரை மாற்றுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் கழற்றிக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டார். "ஒண்ணு ஒழுகுதுன்னா மத்ததும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கும்" என்றார். அன்று இரண்டு பேரும் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம். பக்கத்து வீட்டுக் குழாயையும் ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, நான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஈர மரம் ஒன்றில் அவருக்குக் கால் வழுக்கியது. கயிறு என் உள்ளங்கையில் சர்ரென்று ஓடியது. எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அந்தரத்தில் தொங்கியபடி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கீழே கையாட்டினார். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் விரல்களைப் பிரிக்க வரவில்லை. அவர் இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் மரத்தில் கால் வைத்தாலே நான் கயிற்றை இடுப்பில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்வேன். அவருடைய முழங்கால் வேறு, எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இவரைத் தரையிலேயே நிற்கவைத்துவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "தரையில எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஏறிவிடுவார்.

அந்த நேரத்தில்தான் மர டிப்போவில் ஆள் தேடுவது தெரிந்தது. டிப்போ முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் டேப்புக்காரர். இடுப்பில் இரும்பு டேப்பு இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. எதிரே நிற்கிறவர் பேசும்போதே அவருடைய தோள் அகலத்தை அளந்துவிடுவார். பெரிய மரங்களைக் குறுக்கே அறுத்து, மேசைக்குப் பலகையாகும் வட்டத் துண்டுகள் எடுக்கும் வேலை அது. துண்டு சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும், முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். கொட்டகைக்குள் வேலை. மரம் படுத்திருக்கும், ஆள் நிற்பார். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக, "உங்க சகலையும் கேட்டிருக்காராம்" என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

சகலை என்றால் என் தங்கையின் வீட்டுக்காரர். அவரும் மரம் அறுக்கிறவர்தான். தங்கமான மனிதர், பேசாமல் இருக்கும்போது. ஆனால் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இவருடைய முழங்கால் சத்தம் கேட்டாலே, "யாரு, கதவைத் திறக்கிறது?" என்று கேட்பார். இவர் அந்த டிப்போ வேலைக்கு ஒற்றைக் காலில் நின்றது முழங்காலுக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. சகலைக்குக் கிடைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். காரணம் எதுவானால் எனக்கென்ன, ஆள் தரைக்கு வந்தால் சரி.

டேப்புக்காரர் இருவருக்கும் ஒரு நாள் குறித்தார். அன்றைக்கு அறுத்துக் காட்ட வேண்டும், யாருடைய துண்டு நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை. சகலை கைவேகமானவர். வேகத்தில் ஜெயிக்க முடியாது என்று இவருக்குத் தெரியும். வழவழப்பில்தான் ஜெயிக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, உதிரிப் பாகத்துக்காக வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய மெஷின் வாளின் சங்கிலி கண்ணில் பட்டது. அதன் பல் ஒவ்வொன்றும் உளியால் செதுக்கியது போல மூலை மூலையாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை மாட்டி ஒரு கட்டையை அறுத்தார். பிறகு அறுத்த இடத்தைக் கையால் தடவினார். கன்னத்தை வைத்துத் தேய்த்தார். என்னையும் தேய்க்கச் சொன்னார்.

"நான் எதுக்குங்க கட்டையில கன்னத்தைத் தேய்க்கணும்?"

"தேய்ச்சுப் பாரு, அப்புறம் பேசு."

தேய்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வழவழவென்றுதான் இருந்தது.

மெஷின் வாளின் சங்கிலியை நாங்கள் எல்லோரும் உருண்டை அரத்தால்தான் ராவுவோம். பென்சில் மாதிரி இருக்கும். பல்லின் உள்வளைவில் வைத்து, உள்ளேயிருந்து வெளியே சில தள்ளுத் தள்ளினால் கூர் வந்துவிடும். கை கொஞ்சம் ஆடினாலும் உருண்டை அரம் மன்னித்துவிடும். ஆனால் பல்லின் மூலையில் ஒரு சின்ன வளைவு நின்றுவிடும். அந்த வளைவு மரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் போகும், அறுத்த முகம் சொரசொரப்பாக இருக்கும். இவர் கண்டுபிடித்த சங்கிலி சதுர அரத்தால் ராவியது. பல்லுக்கு மேல்தகடு ஒன்று, பக்கத்தகடு ஒன்று. இரண்டும் சேரும் மூலையில் அரத்தின் விளிம்பு கச்சிதமாக உட்கார வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தள்ள வேண்டும், ஒரே தள்ளில் இரண்டு தகடும் தீட்டுப்பட வேண்டும். அரம் மயிரிழை கீழே இறங்கினால் பல்லின் முனை கொக்கி போல வளைந்து கிளிமூக்கு வந்துவிடும். மயிரிழை மேலே ஏறினால் பல் பின்னால் சாய்ந்து, மரத்தைக் கடிக்காமல் தடவிக் கொடுத்துக்கொண்டு போகும். சதுர அரம் யாரையும் மன்னிக்காது.

உதிரிப் பாகக் கடை நடத்துகிற அம்மாவிடம் போய்ச் சதுர அரம் கேட்டோம். அவர் அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் தூசி தட்டி எடுத்தார்.

"இதைக் கேட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. உங்களுக்கு யாரு கத்துக் குடுக்கப் போறா?"

"நானேதான்" என்றார் இவர்.

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் குளிக்கப் போனேன், சோப்பைக் காணோம். இவர் அதைச் சங்கிலிப் பல் மாதிரி செதுக்கிவிட்டிருந்தார். பல் மிகவும் சின்னது, கோணம் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அதனால் பெரிதாக ஒன்று செய்து பார்த்தாராம். மேல்தகடு, பக்கத்தகடு, மூலை எல்லாம் இருந்தது. அந்தச் சோப்பை வைத்துக் குளித்தால் முதுகில் கோடு விழுந்தது. அடுத்த சோப்பு கிளிமூக்காகிவிட்டது என்று மூன்றாவதை எடுத்தார். சாப்பிடும்போது கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைப் பார்ப்பார். தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு என்னக்கா ஆச்சு?" என்று சமையலறையில் வந்து குசுகுசுத்தாள். "சதுரம்" என்றேன்.

கடைசியில் கை பழகியது. வைஸ் என்கிற இடுக்கியில், சங்கிலி ஓடுகிற பட்டையைக் கவ்வவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பல்லை ராவி என்னைக் கூப்பிட்டார். அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் சங்கிலியில் பல் ஒன்று வலதைப் பார்த்திருக்கும், அடுத்தது இடதைப் பார்த்திருக்கும். ஒரு பக்கப் பல்லெல்லாம் இவர் கைக்கு வளைந்து கொடுத்தது. மறுபக்கத்துக்கு மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், மெஷினைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் கிளிமூக்கு தவிர வேறு எதுவும் வரவில்லை.

ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொக்கை என்றால் மெஷின் நேராக அறுக்காது. கூரான பக்கமாக இழுத்துக்கொண்டு வளையும். கட்டையை அறுத்தார், துண்டு ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் தகடாகவும் வந்து விழுந்தது. அதன்மேல் டம்ளரை வைத்தால் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இப்படியே போனால் சகலைக்குத்தான் வேலை, இவருக்கு மரம்தான். எனக்கு வந்த கோபத்தில், "தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று அரத்தைப் பிடுங்கினேன்.

நான் இடது கைக்காரி. இவருக்கு முறுக்கிக்கொண்ட பக்கம் எனக்கு அல்வா மாதிரி இருந்தது. அவர் ராவிய பல்லைப் பார்த்துப் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதே மூலையில் அரத்தை வைத்துத் தள்ளினேன். சில பல்லைக் கெடுத்தேன். பிறகு கெடுக்கவில்லை. அன்றிலிருந்து வைஸுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் ஒரு பல், நான் ஒரு பல்.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் மெஷின் கூரான பக்கமாக இழுக்கும் என்று சொன்னேன் இல்லையா? அதனால் ஒவ்வொரு துண்டு விழும்போதும் யார் பக்கம் கூர் என்று தெரிந்துபோகும். வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் இப்படி ஒரு தராசு கிடையாது, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முதலில் மெஷின் அவர் பக்கம் இழுத்தது. "பரவாயில்ல, போகப் போக வரும்" என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை மனதில் வைத்துக்கொண்டு ராவினேன். கொஞ்ச நாளில் மெஷின் என் பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

"மரத்துல முடிச்சு இருக்கு" என்றார்.

வேறு கட்டையை வைத்தோம். என் பக்கம்தான் இழுத்தது.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது."

"காத்துக்கும் சங்கிலிக்கும் என்னங்க சம்பந்தம்?"

டிப்போவுக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னார்: "நீ கொஞ்சம் ஓவரா ராவிட்ட. உன் பக்கத்தைக் கொஞ்சம் மழுக்கிடு, சரியாப் போயிடும்."

"நான் ஏன் மழுக்கணும்? நீங்க கூராக்குங்க."

"என் பக்கம் சரியாத்தான் இருக்கு. உன் பக்கம்தான் தேவைக்கு மேல கூரா இருக்கு."

தேவைக்கு மேல் கூராம்! "அப்ப நாளைக்கு ரெண்டு பக்கத்தையும் நீங்களே ராவிக்குங்க, நான் இனிமே அரத்தைத் தொட்டா கேளுங்க" என்று அரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. மறுநாள் காலையில், "இந்த வீட்டுல யாராவது துண்டு எடுத்துக் குடுத்தா குளிக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "துண்டு கொடியில தொங்குது, கண்ணு இருக்கிறவங்க எடுத்துக்கலாம்" என்று நான் அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். வைராக்கியமாக இரண்டு பக்கத்தையும் அவரே ராவிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், போவது என் நிம்மதி அல்லவா? பின்னாலேயே போய் டிப்போ வாசலில் நின்றுகொண்டேன்.

சகலை முதலில் அறுத்தார். உருண்டை அரம் போட்ட சங்கிலி, கடகடவென்று நாலைந்து துண்டு தள்ளிவிட்டார். கனம் சுற்றிலும் ஒன்று. முகம்தான் சொரசொர. அடுத்து இவர் முறை. சதுர அரம் போட்ட பல்லில் துளி மண் பட்டாலும் கூர் போய்விடும். அதனால் இவர் வீட்டிலிருந்து ஒரு வாளியும் பிரஷ்ஷும் கொண்டுவந்திருந்தார். மரப்பட்டையில் ஒட்டிய சேறு போகும்வரை மரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"சகலை, காதுக்குப் பின்னாடியும் தேய்ச்சு விடுங்க" என்று குரல் கொடுத்தார் சகலை. டிப்போவே சிரித்தது.

இவர் சட்டை செய்யாமல் துடைத்துவிட்டு அறுத்தார். துண்டு விழுந்தது. டேப்புக்காரர் அதன் முகத்தைத் தடவிப் பார்த்து, கன்னத்தை வைத்துத் தேய்த்தார். எல்லா ஆண்களும் இதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. பிறகு டேப்பை எடுத்தார்.

"முகம் கண்ணாடி மாதிரி இருக்குங்க. ஆனா ஒரு பக்கம் மேசை, ஒரு பக்கம் காகிதம். இதை நான் யாருக்கு விக்கிறது?" தாடையைச் சொறிந்தார். "இந்த வழவழப்பை விடவும் மனசு வரல. பல்லை இன்னொரு தடவை ராவி, இன்னொரு துண்டு போடுங்க பார்ப்போம்."

இவர் டிப்போ வைஸில் மெஷின் பட்டையை மாட்டினார். தன் பக்கத்தை ராவினார். அந்தப் பக்கம் போனார். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. அரத்தைப் பல்லில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், சுவரையும் பார்க்கவில்லை, வேறு எதையும் பார்க்கவில்லை.

நான் சத்தியம் செய்தது வீட்டில். இது டிப்போ. உள்ளே போய், "தள்ளுங்க" என்றேன்.

"அண்ணி, நீங்களா?" என்றார் சகலை. முதல்முறையாக அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நான் என் பக்கத்தை ராவி முடித்தேன். இவர் அறுத்தார். டேப்புக்காரர் அளந்தார். குழம்பிப்போய் மறுபடி அளந்தார்.

"இப்ப வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனா அந்தப் பக்கம் இழுத்த மெஷின் இப்ப இந்தப் பக்கம் இழுக்குதே, எப்படிங்க?"

எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். கூடியிருந்தவர்கள் எல்லோரும் அறுக்கிறவர்கள், அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. என் பல்லை இரண்டு தேய்ப்பு மழுக்கினால் துண்டு நேராகிவிடும். மழுக்கு என்று அவர் சொல்லியிருந்தால் அன்று நான் மழுக்கியிருப்பேன். அவர் தரையில் நிற்பதற்காக எதையும் மழுக்கத் தயாராக இருந்தேன். அரத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அவர் என் கையிலிருந்து அரத்தை வாங்கிக்கொண்டார். "இவ ராவின பக்கம் கூர் அதிகம்ங்க. என் பக்கம்தான் பத்தல. கொஞ்ச நேரம் குடுங்க" என்றார், சகலைக்குக் கேட்கும் குரலில். பிறகு குனிந்து என் பல் ஒன்றைப் பார்ப்பார், தன் பல் ஒன்றை ராவுவார். மறுபடி என் பல்லைப் பார்ப்பார். யாரும் சிரிக்கவில்லை. சகலைகூட.

அடுத்த துண்டை டேப்புக்காரர் சுற்றிச் சுற்றி அளந்தார். அளந்து முடித்தும் டேப்பை மடக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். வேகமாக அறுக்கிறவர் சகலை, அதனால் அறுக்கிற வேலை அவருக்கு. டிப்போவில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் சதுர அரம் போடுகிற வேலை எங்கள் இருவருக்கும். "மரத்தைக் கழுவுறது அறுக்கிறவர் வேலை" என்றும் சேர்த்துக்கொண்டார். சகலை வாளியைப் பார்த்தார். இவர் பிரஷ்ஷை எடுத்து மரியாதையாக அவர் கையில் கொடுத்தார்.

வேலை கிடைத்தும் என் பயம் முழுதாகப் போகவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், "நான் உக்காந்து வேலை செய்யிறவன் இல்ல. லீவு நாள்ல மரம் ஏறுவேன், அதை யாரும் தடுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிப்போவில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக உயரமான மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்கே ஏறிவிடுவார்.

ஒருநாள் ராவிக்கொண்டிருந்தோம். ஒருவர் விசாரித்துக்கொண்டு டிப்போவுக்குள் வந்தார். வீட்டுக் கூரைமேல் ஒரு பெரிய மரம் சாய்ந்து நிற்கிறதாம். ஊரில் வேறு யாரும் ஏற மாட்டேன் என்கிறார்களாம். "உச்சின்னு ஒருத்தர் இருக்காராமே, அவரால மட்டும்தான் முடியும்னு சொன்னாங்க" என்றார். இப்படிச் சொன்னால் இவர் கோபுரத்திலும் ஏறுவார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

இவர் அரத்தைத் துணியில் துடைத்தார். வந்தவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏற முடியாதுங்க. எனக்குக் கயிறு பிடிக்கிறது இவ ஒருத்திதான். இவளுக்கு இங்க வேலை இருக்கு" என்றார்.

வந்தவர் ஏமாற்றத்தோடு போய்விட்டார். இவர் அடுத்த பல்லில் அரத்தை வைத்தார், எதுவுமே நடக்காதது போல. எனக்கு எதிரே இருந்த பல் தெரியவில்லை. சங்கிலியும் தெரியவில்லை.

"என்ன?" என்றார்.

"கண்ணுல இரும்புத் தூள் விழுந்துடுச்சு."

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே ராவுற" என்றார் அவர்.